அலையில் எந்தப் படகு குறைவாக அடிக்கும்?

மீன்பிடிப் படகு வாங்க மாடல்களை ஒப்பிடுபவர்கள் முதலில் தேடுவது ஒரு கோணத்தை. படகின் அடிப்பகுதி நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் கோணம் அது. டெட்ரைஸ் என்பார்கள். பெரும்பாலும் படகின் பின்பலகையில் அளந்து சொல்வார்கள். ஒரு மாடலில் 14 டிகிரி, இன்னொன்றில் 20, மற்றொன்றில் 24. எண் ஏற ஏற அலையில் படகு மெத்தென்று போகும் என்று விற்பனைக் கையேடு சொல்லும்.

அது பொய் இல்லை. ஆனால் மீன்பிடிப் படகுக்கு இரண்டு வேலை இருக்கிறது. மீன் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். போன பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே மிதக்க வேண்டும். முதல் வேலைக்கு ஏற்ற வடிவம் இரண்டாவது வேலைக்கு ஆகாது. டெட்ரைஸ் எண் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அதுவும் பாதிதான்.

அடி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு, தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்த்து மிதக்கிறது. வேகம் கூடியதும் அடிப்பகுதியில் மோதும் நீரே படகைத் தூக்கிவிடும். படகு நீரின் மேற்பரப்பில் வழுக்கி ஓடத் தொடங்கும். வேகமான சிறு படகுகள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. வழுக்கி ஓடும் படகு ஒரு அலையின் முகட்டைத் தாண்டும்போது முன்பாதி காற்றில் நிற்கும். அடுத்த நொடி கீழே விழும். விழும் அந்த இடத்தில் அடிப்பகுதி தட்டையாக இருந்தால், பெரிய பரப்பு ஒரே கணத்தில் நீரைத் தொடும். வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விரித்து ஒரு அடி, கையைச் செங்குத்தாக வைத்து ஒரு அடி அடித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கூர்மையான அடிப்பகுதி நீருக்குள் படிப்படியாக இறங்குகிறது. அதே வேகம்தான் நிற்கிறது, ஆனால் அதிக நேரம் எடுத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் விசை குறைகிறது.

இதற்குக் கணக்குப் போட்டவர் விமானவியல் அறிஞர் தியோடர் ஃபான் கார்மன், 1929ல். அவர் யோசித்தது படகைப் பற்றி அல்ல, நீரில் இறங்கும் விமானங்களின் மிதவைகளைப் பற்றி. அவருடைய சூத்திரப்படி, மோதலின் உச்ச அழுத்தம் விழும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அடிப்பகுதியின் சரிவு கூடக் குறையும். 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குப் போனால் அழுத்தம் பாதிக்கும் கீழே வந்துவிடும். 20லிருந்து 24க்குப் போனால் சுமார் 18 சதவீதம்தான் குறையும். முதல் சில டிகிரிகள் தரும் லாபம் பெரியது, கடைசி டிகிரிகள் தருவது கொஞ்சம். 22 டிகிரி படகுக்கும் 24 டிகிரி படகுக்கும் இடையே கையேடுகள் நடத்தும் சண்டையை இந்த அளவுக்கு மேல் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்தக் கூர் அடியை விளையாட்டு மீன்பிடிப் படகுகளுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் ஹன்ட். அதற்கு முன்பு வேகப் படகுகளின் அடிப்பகுதி முன்பக்கம் கூர்மையாகவும் பின்னால் போகப் போகத் தட்டையாகவும் இருந்தது. வழுக்கி ஓடும் படகின் முன்பக்கம் நீருக்கு வெளியே இருக்கும், விழுவது நடுப்பகுதியும் பின்பகுதியும்தான்; பிறகு முன்பக்கக் கூர்மையால் என்ன பயன்? ஹன்ட் அந்தக் கூர்மையைப் பின்பலகை வரை கொண்டுபோனார். அவர் வடிவமைத்த மாப்பி என்ற மரப்படகு, 1960ல் கடும் அலையில் நடந்த மயாமி-நாசாவ் படகுப் பந்தயத்தில் ஜெயித்தது. படகு வணிகர் ரிச்சர்ட் பெர்ட்ரம் அதையே அச்சாக வைத்து ஃபைபர் கிளாஸில் செய்த பெர்ட்ரம் 31, பல ஆண்டுகள் ஆழ்கடல் மீன்பிடிப்பாளர்களின் அளவுகோலாக இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. 1958ல் வந்த பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகின் வடிவத்திலும் அதே ஹன்டின் கை இருக்கிறது. அது நேர் எதிரானது. முன்பக்கம் ஏறக்குறைய சதுரம், அடியில் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் மேடுகள். ஓரத்தில் ஆள் நின்றாலும் பெரிதாகச் சாயாது. ஆனால் சிற்றலையில் வேகமாக ஓட்டினால் முதுகெலும்பை எண்ணிவிடலாம். ஒரே மனிதர், சில ஆண்டு இடைவெளியில், இரண்டு கேள்விகளுக்கு இரண்டு பதில்கள் கொடுத்திருக்கிறார். எந்தப் பதில் சிறந்தது என்று கேட்பவர்கள் எந்தக் கேள்வி என்று சொல்வதில்லை.

சரி, கோணம் தவிர வேறு என்னென்ன அடியைத் தீர்மானிக்கின்றன? ஆய்வாளர்கள் டேனியல் சவிட்ஸ்கியும் வார்ட் பிரவுனும் 1976ல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இதற்கு நல்ல வழிகாட்டி. அலையில் வழுக்கி ஓடும் படகின் ஈர்ப்பு மையத்தில் சராசரியாக எவ்வளவு செங்குத்து முடுக்கம் கிடைக்கும் என்று அது மதிப்பிடுகிறது. மோதும் ஓரிடத்தின் உச்ச அழுத்தம் வேறு, மொத்தப் படகும் வாங்கும் குலுக்கல் வேறு. நம் முழங்கால் உணர்வது இரண்டாவதைத்தான்.

இந்தச் சூத்திரத்தில் டெட்ரைஸை 10லிருந்து 20 டிகிரிக்கு மாற்றினால் குலுக்கல் 25 சதவீதம் குறைகிறது. நல்லது. இப்போது படகை மாற்றாமல், முன்பக்கம் தூக்கியிருக்கும் கோணத்தை மட்டும் 4 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்குங்கள். அப்போதும் குலுக்கல் அதே 25 சதவீதம் குறைகிறது! அவுட்போர்டு எஞ்சினின் சாய்வை மாற்றும் டிரிம் பட்டனும், பின்பலகையில் இருக்கும் டிரிம் டேப் என்ற அசையும் தகடும் செய்கிற ஒரு டிகிரி வேலை, அடிப்பகுதியின் 10 டிகிரிக்குச் சமம். அப்புறம் வேகம்: அது இருமடியாக வருகிறது. 30 நாட், அதாவது மணிக்கு 30 கடல் மைல் வேகத்திலிருந்து 20 நாட்டுக்குக் குறைத்தால் குலுக்கல் 44 சதவீதமாக இறங்கிவிடும். வேறு எந்த வடிவ மாற்றமும் இதற்குப் பக்கத்தில் கூட வராது.

எடையும் கணக்கில் உண்டு. மற்றவை மாறாமல் எடை கூடினால், அதே விகிதத்தில் குலுக்கல் குறைகிறது. கனமான படகு மென்மையாகப் போகிறது என்று பழைய ஆட்கள் சொல்வது வெறும் பேச்சு அல்ல. எரிபொருள் தொட்டி நிறைந்திருக்கும்போது வெளியே போகையில் இருந்த சுகம், தொட்டி காலியாகித் திரும்பும்போது இருக்காது. கூர் அடிக்கும் எடைக்கும் ஒரு விலையும் உண்டு: படகைத் தூக்கி வழுக்கி ஓடவைக்க அதிக வேகமோ பெரிய எஞ்சினோ வேண்டும், எரிபொருளும் கூடச் செலவாகும்.

பிறகு அகலம். இங்கேதான் ஓடுவதும் நிற்பதும் மோதிக்கொள்கின்றன. எடையும் நீளமும் மாறாமல் அகலத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால், சாய்ந்த படகு தன் வடிவத்தால் நிமிர்ந்துகொள்ளும் வலு சுமார் 33 சதவீதம் ஏறும். அது அகலத்தின் மும்மடியைச் சார்ந்தது. அதே 10 சதவீத அகலம், ஓடும்போது வாங்கும் குலுக்கலை 10 முதல் 21 சதவீதம் வரை கூட்டுகிறது. தூண்டில் போட விசாலமான தளம் வேண்டும், இரண்டு பேர் ஒரே பக்கம் வந்தாலும் சாயக் கூடாது, ஆனால் அலையில் வெட்டிக்கொண்டும் போக வேண்டும் என்றால், நீளத்தையும் எடையையும் கூட்டாமல் முடியாது.

நிற்கும்போது கூர் அடிப் படகுக்கு என்ன ஆகிறது? அடிப்பகுதி ஒரு ஆப்பு போல இருப்பதால் நீர்மட்டத்தில் அகலம் குறைவு. கொஞ்சம் சாய்ந்தவுடன் எதிர்ப்பு பெரிதாக இருக்காது. அடியும் பக்கமும் சேரும் விளிம்பு, சைன் என்பார்கள், நீருக்குள் இறங்கிய பிறகுதான் படகு உறுதியாகத் தாங்கும். அதனால் பல வடிவமைப்பாளர்கள் அந்த விளிம்பை அகலமாக்கி, கீழ்நோக்கி லேசாக வளைத்து வைக்கிறார்கள். அது நிற்கும்போது சாய்வைத் தடுக்கும், ஓடும்போது நீர்த்தெறிப்பைக் கீழே தள்ளும். ஆனால் அளவுக்கு மீறி அகலமாக்கினால் அதுவே தட்டையான பலகையாகி அலையில் டப்பென்று அடிக்கும். ஆஸ்திரேலிய அலுமினியப் படகுகள் சிலவற்றில் வேறு தந்திரம்: நடுவில் ஒரு வெற்றுக் குழாய் அறை இருக்கும். படகு நின்றால் நீர் உள்ளே வந்து கனம் சேர்க்கும், வேகம் எடுத்தால் பின்வழியாக ஓடிவிடும். எனக்குத் தெரிந்து இந்தச் சண்டைக்குக் கிடைத்த சமாதானங்களில் எளிமையானது இதுதான்.

தட்டையான அகலப் படகு நிற்கும்போது எப்போதும் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். அது நீர்ப்பரப்பை விடாமல் பின்பற்றும். பக்கவாட்டில் அலை வந்தால் அலையின் சரிவு எவ்வளவோ அவ்வளவு சாய்ந்து, வெடுக்கென்று திரும்பும். கூர் அடிப் படகு அதிகம் சாயலாம், ஆனால் மெதுவாக ஆடும். சிலருக்கு வெடுக்கென்ற ஆட்டம் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு மெதுவான ஆட்டம்தான் வயிற்றைக் கலக்கும். இதற்குப் பொது விதி கிடையாது.

இரட்டை உடல் படகுகள் இந்தச் சண்டையிலிருந்து விலகிப்போக ஒரு வழி. குறுகலான இரண்டு உடல்கள் அலையை வெட்டும். அவற்றுக்கு இடையிலான தூரம் நிற்கும்போது உறுதி தரும். நடுச் சுரங்கத்தில் அடைபடும் காற்றும் நீரும் ஓரளவு மெத்தையாக வேலை செய்யும். எதிரலையில் இவை தரும் சுகத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் ஒற்றை உடலுக்குத் திரும்ப யோசிப்பார்கள். குறைகளும் உண்டு. அலை சுரங்கத்தின் கூரையைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டால், அது தட்டையான பரப்பு, அடி பலமாக விழும். பாரம் அதிகமானால் கூரை தாழ்ந்து, இது சீக்கிரமே நடக்கும். சுரங்கத்தின் முன்வாயிலிருந்து நீர்த்துளிகள் பீறிட்டு முகத்தில் அடிப்பதும் உண்டு. படகுக்காரர்கள் இதைத் தும்மல் என்கிறார்கள். வளைவில் சில இரட்டை உடல் படகுகள் உள்ளே சாயாமல் வெளிப்பக்கம் சாயும். பழகாதவருக்கு அது பயமாக இருக்கும்.

எதிரலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதிக ஆபத்து பின்னாலிருந்து வரும் அலையில் இருக்கிறது. ஆழ்நீரில் 4 நொடிக்கு ஒரு முகடு வரும் அலையின் நீளம் சுமார் 25 மீட்டர், வேகம் சுமார் 12 நாட். அதை எதிர்த்து 25 நாட்டில் போனால் ஏறக்குறைய 1.3 நொடிக்கு ஒரு மோதல். 12 நாட்டுக்குக் குறைத்தால் 2 நொடிக்கு ஒன்று. அலையோடு சேர்ந்து அதே 12 நாட்டில் போனால்? படகும் அலையும் ஒரே வேகம். படகு அலையின் முன்சரிவில் மாட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். கூர்மையான ஆழமான அணியம், அதாவது படகின் முன்முனை, முன்னால் இருக்கும் நீருக்குள் குத்தி நின்றுவிட, பின்பக்கத்தை அலை தள்ள, படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு முதுகு காட்டாமல் விலாவைக் காட்டிவிடும். கவிழும் விபத்துகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. எதிரலையில் சுகம் தந்த அதே கூர் அணியமும், கீழே இறக்கிய டிரிம்மும் இங்கே எதிரியாகின்றன. பின்னலையில் டிரிம்மை மேலே தூக்கி, அலையைவிடக் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ போவதுதான் முறை. மேல்பகுதியில் வெளிப்பக்கம் விரிந்த, போதுமான உயரமுள்ள அணியம் இருந்தால், அது நீருக்குள் இறங்க இறங்க மிதப்பு கூடித் தானே எழும். ஒப்பிடும்போது இந்த விரிவைப் பார்க்கிறவர்கள் குறைவு.

அலுமினியமா, ஃபைபர் கிளாஸா என்ற கேள்வியில் பெரும்பகுதி எடையும் சத்தமும்தான். ஒரே நீளத்துக்கு அலுமினியப் படகு பொதுவாக இலகுவாக இருப்பதால் குலுக்கல் கூடும்; மெல்லிய தகடு எழுப்பும் சத்தம் அந்தக் குலுக்கலை இன்னும் பெரிதாகக் காட்டும்.

ஐரோப்பியச் சான்றிதழில் இருக்கும் ஏ, பி, சி, டி வகைப்பாட்டையும் சிலர் ஒப்பிடுகிறார்கள். சி வகை என்றால் பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 6ஆம் எண் காற்றும் 2 மீட்டர் அலையும் வரை, பி என்றால் 8ஆம் எண் காற்றும் 4 மீட்டர் அலையும் வரை. அது அந்த நிலைமையைப் படகு தாங்குமா என்பதைச் சொல்கிறது. உள்ளே இருப்பவரின் இடுப்பு தாங்குமா என்று சொல்வதில்லை.

இரண்டு மாடல்களை உண்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நாளில், ஒரே நீரில், ஒரே எண்ணிக்கை ஆட்களோடும் ஏறக்குறைய ஒரே அளவு எரிபொருளோடும் ஓட்ட வேண்டும். விற்பவர் தனியாக அரைத் தொட்டியோடு ஓட்டிக் காட்டுவது உங்கள் படகு அல்ல. எதிரலை, பக்கவாட்டு அலை, சாய்வாகப் பின்னால் வரும் அலை மூன்றிலும் போங்கள். ஸ்டீயரிங் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: குலுக்கல் அணியத்தில் மிக அதிகம், பின்பாதியில் குறைவு. ஸ்டீயரிங்கைச் சற்றுப் பின்னால் வைத்த சாதாரணப் படகு, முன்னால் வைத்த நல்ல படகைவிட மென்மையாகத் தோன்றும். அதனால் பாதி நேரம் நீங்களே முன்பக்கம் போய் நில்லுங்கள். கடைசியாக எஞ்சினை அணைத்து, அலைக்குப் பக்கவாட்டில் படகை மிதக்க விட்டு, எல்லோரையும் மீன் ஏற்றுகிற பக்கம் வரச் சொல்லுங்கள். நீர்மட்டம் விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது, தளத்தின் வடிகால் துளைகள் வழியாக நீர் உள்ளே ஏறுகிறதா என்று குனிந்து பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் ஒரு பத்து நிமிடம் அப்படியே மிதந்துவிட்டு வாருங்கள்.