தலை எண்ணாமல் நாற்காலி வாங்காதீர்கள்

நூலகச் சீரமைப்புக்கு நிதி வந்ததும் நாம் முதலில் கூப்பிடுவது மேசை நாற்காலிக்காரரைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் அமரும் மேசைகளாக வாங்கிப் போட்டோம். ஒரு மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து, நடுவில் பையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துவிட்டால் முடிந்தது. மூன்றாமவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கணக்குப்படி பாதிக்கு மேல் இருக்கை காலி. மாணவர்களோ "இடமே இல்லை சார்" என்றார்கள்.

இப்போதெல்லாம் முதலில் தலை எண்ணுகிறேன். சாதாரண வாரம் ஒன்று, தேர்வுக்கு முந்தைய வாரம் ஒன்று. தளப்படத்தை ஏ4 தாளில் நகலெடுத்துக்கொண்டு மணிக்கொரு சுற்று. ஆள் இருந்தால் புள்ளி, லேப்டாப்போடு இருந்தால் வட்டம். சென்ற முறை வட்டங்கள் எல்லாம் ஒரு தூணைச் சுற்றியே மொய்த்தன. போய்ப் பார்த்தால், ஹாலிலேயே உருப்படியான பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றிப் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு வயரிங் கேட்டு எழுதினேன்.

இடத்தை அடைப்பதில் முதலிடம் பைண்டு செய்த பழைய ஆய்விதழ்களுக்கு. இணையத்தில் கிடைக்கிறதே என்று அவசரப்பட்டுக் கழித்துவிடக் கூடாது. சந்தா நின்றாலும் படிக்கும் உரிமை நமக்கு இருக்குமா என்று இதழ் இதழாகப் பார்க்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு "மாடிக்கு ஏற்றிவிடலாம்" என்பவர்கள் எல்லாக் கமிட்டியிலும் உண்டு. வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம்தான் கணக்கு. புத்தக அடுக்குகள் நிற்கும் தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்பது 600 கிலோ. அடுக்கின் உயரம் கூடினால் அதுவும் கூடும். கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தராமல் ஒரு ரேக்கைக்கூட மாடிக்கு ஏற்ற விடாதீர்கள்.

'நூலகம் வளரும் உயிரி' என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதியதைப் புதுக் கட்டடம் கேட்க மட்டுமே நாம் எடுத்துவிடுகிறோம்!

கையில் ஒரு டேப்பும் வைத்திருங்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போக ரேக்குகளுக்கு நடுவே 90 செ.மீ.யாவது வேண்டும். எங்கள் தமிழ்ப் பிரிவில் அளந்தபோது 74 வந்தது. ஒரு வரிசையை எடுத்துவிட்டால் மற்றவற்றைத் தள்ளிப் போடலாம். எதை எடுப்பது என்று உதவியாளர் இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்.