மூளைக்குக் கரண்டு வைத்த பிறகு: நடுக்குவாதக்காரர்களின் வீட்டாருக்குச் சில வார்த்தைகள்

"கோளாறு எந்த இடத்துலன்னு தெரிஞ்சுடுச்சுல்ல டாக்டரம்மா, அந்த இடத்தை மட்டும் சரி பண்ணிட முடியாதா?"

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து அப்பாவை அழைத்து வந்த மகன் கேட்டார். தஞ்சாவூரில் நரம்பியல் பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்வி. அப்பாவுக்கு 64 வயது. பார்க்கின்சன் நோய், நம் ஊர் வழக்கில் நடுக்குவாதம், தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. லெவோடோபா மாத்திரை ஏறினால் வரப்பில் நடப்பார். இறங்கினால் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே ஆள் வேண்டும். ஏறியிருக்கும் நேரத்திலும் கழுத்தும் தோளும் தானாக நெளியும். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்த நோயில் நடுமூளையில், அசைவுக்கு உதவும் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. மூளையின் ஆழத்தில் மின்கம்பி வைத்துத் தூண்டும் ஆழ்மூளைத் தூண்டல், அதாவது டி.பி.எஸ்., அவற்றை மீட்பதில்லை; நோயின் ஓட்டத்தை நிறுத்துவதும் இல்லை. கம்பியையும் அந்தச் செல்கள் இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. பெரும்பாலும் சப்தாலமிக் கரு என்ற, மொச்சைக்கொட்டையைவிடச் சிறிய பகுதியில்தான் வைக்கிறோம். கம்பியை இயக்கும் பேட்டரி காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கும்.

அழிந்தது ஓரிடம், கம்பி வேறிடம் என்றால் எப்படி? மகனிடம் அவருக்குத் தெரிந்த மூணாறு தலைப்பைச் சொன்னேன். அங்கே வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று தண்ணீர் பிரிகிறது. கடைமடையில் பயிர் காய்ந்தால் வயலில் நின்றுகொண்டா தேடுவோம்? தலைப்பில் ஷட்டர் எப்படி இருக்கிறது என்றுதானே பார்ப்போம்! சப்தாலமிக் கருவும் ஒரு தலைப்புதான். மூளையின் மேற்பரப்பான புறணியிலிருந்து அதற்கு நேர்ப்பாதை உண்டு. அங்கிருந்து கிளைகள் பல இடங்களுக்குப் பிரிகின்றன.

ஆனால் தண்ணீர் உவமை பாதி தூரம்தான் வரும். மூளைக்குள் ஓடுவது நரம்பு செல்கள் சேர்ந்து எழுப்பும் மின்தாளம். அசையாமல் இருக்கும்போது இயக்கப் பகுதிகளில் விநாடிக்கு 13 முதல் 30 முறை துடிக்கும் பீட்டா தாளம் ஓடும். கையைத் தூக்க நினைத்ததும் அது அடங்கி வழிவிட வேண்டும். பார்க்கின்சன் நோயில் அது சரியாக அடங்குவதில்லை. முகூர்த்தத்தில் கெட்டிமேளம் கொட்டுவதே வேறு எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கெட்டிமேளம் நிற்கவே இல்லையென்றால் நாதஸ்வரக்காரர் எப்போது ராகத்தை எடுப்பார்? விநாடிக்குச் சுமார் 130 முறை நாம் செலுத்தும் மின்துடிப்பு அந்தப் பிடிவாதத் தாளத்தைக் கலைக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் அலீம் லூயி பெனாபிட் 1987இல் மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ் என்ற பகுதியில் இப்படித் தூண்டி நடுக்கத்தை அடக்கினார். 1990களில் சப்தாலமிக் கருவுக்கும் அந்த முறை வந்தது.

சென்னையில் அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்து, கருவியை இயக்கிய அன்று, ஐயாவின் கை உதறல் கண்ணெதிரே நின்றது. மகன் அழுதுவிட்டார். சற்று நேரத்தில் அவர் முகம் வாடியது: "நடை மட்டும் அப்படியேதானே இருக்கு?" இதை எல்லாக் குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நடுக்கம் விநாடிகளில் அடங்கலாம். விறைப்பும் மந்தமும் குறைய நிமிடங்கள், மணிகள் ஆகும். நடைக்கு நாள்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும். ஒரு முனையை அணைப்பது மட்டுமே வேலை என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறியிருக்க வேண்டும். தொலைவிலுள்ள பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் விதம் மாறவே அந்த அவகாசம் தேவைப்படுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

2017இல் நரம்பியல் ஆய்வாளர் ஆந்திரேயாஸ் ஹார்ன் குழுவினர் 95 நோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: மின்முனை நிற்கும் இடம் மூளையின் எந்தெந்தப் பகுதிகளோடு தொடர்புடையது என்பதை வைத்தே பலன் எவ்வளவு என்று ஓரளவு கணிக்கலாம். அசைவைத் திட்டமிடும் முன்மூளைப் பகுதியோடு நல்ல தொடர்பு இருந்தால் பலனும் கூடுதல். கருவியை இயக்கும்போது மூளையின் தொடர்பு வரைபடம், நோயில்லாதவர்களுடைய வரைபடத்தை நோக்கி நகர்வதையும் பின்னர் ஸ்கேனில் கண்டார்கள்.

ஆராய்ச்சிதானே என்று இதைக் கடந்து போகாதீர்கள். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அந்தச் சப்தாலமிக் கருவுக்குள்ளேயே மனநிலையோடு தொடர்புள்ள பகுதி இருக்கிறது. மின்சாரம் அங்கே கசிந்தால் சாதுவான மனிதர் திடீரென்று எரிந்து விழலாம், கண்மண் தெரியாமல் செலவழிக்கலாம், யாரோடும் பேசாமல் ஒடுங்கிப் போகலாம். பக்கத்து நரம்புப் பாதையில் பரவினால் பேச்சு குழறும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், உடனே சொல்லுங்கள். கம்பியில் பல தொடுமுனைகள் உண்டு. ஒன்றை மாற்றியோ மின்அளவைக் குறைத்தோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் அடிக்கடி வரச் சொல்வது இதற்காகத்தான். "நடவு நேரம், அடுத்த மாசம் வர்றோம்" என்பவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன்.

எல்லாருக்கும் இந்தச் சிகிச்சை ஏற்றதல்ல. மாத்திரை ஏறும் நேரத்தில் எது சரியாகிறதோ, பொதுவாக அதுதான் கருவியாலும் சரியாகும். மாத்திரைக்கும் அசையாத தள்ளாட்டமும் மறதியும் இதற்கும் அசையா.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. வயலில் நின்ற முழங்கால்களுக்கு வலி வராமல் இருக்காது. ஐயாவும் போன மாதம் பக்கத்து ஊர் பிசியோதெரபி நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே உடம்புக்குள் ஆழமாகச் சூடேற்றும் டயதெர்மி மிஷினை முட்டிக்கு வைக்கப் போனார்கள். டி.பி.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பின் எந்தப் பகுதியிலும் டயதெர்மி கூடாது, கருவியை அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. அதன் ஆற்றல் கம்பி வழியாக ஏறி, மின்முனையைச் சுற்றியுள்ள மூளையைச் சுட்டுவிடும், உயிரே போகலாம். எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றாலும் கருவியின் வகையைச் சொல்லி, எங்களைக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.

நல்லவேளை, கருவியின் அடையாள அட்டையை ஐயா வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். மிஷினைப் போடும் முன் மகள் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் பிசியோதெரபிஸ்ட் அப்போதே எனக்கு போன் செய்தார். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும் என்றேன்.