பழைய டிஸ்க் புதிய கம்ப்யூட்டரில் ஏன் திணறுகிறது?

பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டி ஆன் செய்கிறோம். விண்டோஸின் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. திடீரென்று நீலத்திரை: 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்'. டிஸ்க் போய்விட்டது என்று பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள். புள்ளிகள் சுற்றின என்றாலே டிஸ்கிலிருந்து சில கோப்புகள் ஒழுங்காகப் படிக்கப்பட்டுவிட்டன என்றுதான் அர்த்தம்.

அப்படியென்றால் நடுவழியில் என்ன ஆனது? பூட்டின் தொடக்கத்தில் டிஸ்கைப் படித்துத் தருவது மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருளான பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ. அதன் உதவியோடு பூட் லோடர், விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலையும், கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்களில் மிக அவசியமானவற்றையும் மெமரிக்குள் ஏற்றுகிறது. அதன்பின் கெர்னல் தன் சொந்த டிரைவரால்தான் டிஸ்கைப் படித்தாக வேண்டும். எந்த டிரைவர் அவசியம் என்பதை, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள 'ஸ்டார்ட்' என்ற மதிப்பு சொல்கிறது: 0 என்றால் பூட்டிலேயே ஏற்று, 3 என்றால் கேட்கும்போது ஏற்று. பழைய கம்ப்யூட்டரில் தேவைப்படாத ஒரு கன்ட்ரோலரின் (டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சிப்) டிரைவர் 3-இல் கிடக்கலாம். புதிய கம்ப்யூட்டருக்கோ அதுதான் வேண்டும். அது டிஸ்கிலேயே இருக்கிறது, ஆனால் அதை எடுக்க டிஸ்கைப் படிக்க வேண்டுமே! பெட்டியின் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

எக்ஸ்பி காலத்தில் பயாஸில் டிஸ்க் இணைப்பு முறையைப் பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஹெச்சிஐ ஆக மாற்றினாலே இந்தத் திரை வந்துவிடும். விண்டோஸ் 10, 11-இல் ஏஹெச்சிஐ, அதைவிட வேகமான என்விஎம்இ இரண்டுக்கும் பொதுவான டிரைவர்கள் கூடவே வருவதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம். இருந்தும் நீலத்திரை வந்தால், ரெகவரி திரை வழியாக, குறைந்தபட்ச டிரைவர்களோடு ஓடும் சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்து பாருங்கள். பொதுவான டிரைவர்களை அது தயக்கமின்றி ஏற்றும். அடுத்த முறை பெரும்பாலும் சாதாரணமாகவே பூட் ஆகிவிடும். டிஸ்குகளைத் தனி டிரைவர் வழியாகக் கையாளும் இன்டெலின் விஎம்டி அல்லது ரெய்டு என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால், பயாஸில் அதை அணைப்பதே எளிய வழி. ஆனால் அதே கம்ப்யூட்டரில் வேறொரு விண்டோஸும் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள், அது பூட் ஆகாமல் போகலாம்.

புள்ளிகளே வரவில்லை என்றால் அது வேறு சிக்கல். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்து, புதிய மதர்போர்டு யூஇஎஃப்ஐ மட்டுமே ஏற்கலாம்.

டெஸ்க்டாப் வந்துவிட்டதா? சரி, டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் குறியோடு 'அன்னோன் டிவைஸ்' என்று இருப்பதன் ப்ராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதிலுள்ள வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. விண்டோஸும் இந்த ஹார்டுவேர் ஐடியை வைத்துத்தான் டிரைவரைத் தேடுகிறது. முதலில் நெட்வொர்க் டிரைவரைப் போடுங்கள். இணையம் வந்துவிட்டால் மீதியில் பெரும்பகுதியை விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும். வைஃபையே எடுக்காவிட்டால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (ஃபோனின் இணையத்தைப் பகிர்வது) செய்யலாம். அப்புறம் சிப்செட், அதன்பின் கிராஃபிக்ஸ்.

விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் என்கிரிப்ட் செய்து பூட்டிய டிஸ்க் என்றால், கழற்றுவதற்கு முன்பே 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய மதர்போர்டில் அது பெரும்பாலும் கேட்கப்படும். கீ இல்லையென்றால் எந்த டிரைவராலும் அந்த டிஸ்கைத் திறக்க முடியாது.