எத்தனை மணிக்கு வடித்த சோறு?

மாங்குளம் சந்தியில் 11 வருடம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தேன். ஏ9 வீதியால் போகிற பஸ்காரர், முல்லைத்தீவுப் பக்கம் திரும்புகிற லொறிக்காரர், அரிவி வெட்டுக்கு வருகிற ஆட்கள் என்று கடை நன்றாகவே ஓடியது. மீன்குழம்பைப் பற்றி எழுதச் சொன்னால் நாள்முழுக்க எழுதுவேன். இது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றியது.

ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு 50 பார்சல் ஓடர். தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் சோறு, கோழிக்கறி, பருப்பு. வேலை முந்தட்டும் என்று விடியப்புறம் 4 மணிக்கே சோற்றை இறக்கிவிட்டேன். ஆவி பறக்கப் பறக்க லஞ்சீற் என்கிற பொலித்தீன் தாளில் கட்டி, காட்போட் பெட்டியில் நெருக்கி அடுக்கி அனுப்பினோம். பிள்ளைகள் சாப்பிட்டது 1 மணிக்கு. 3 மணிக்குள் ஏழெட்டுப் பேருக்குச் சத்தி. ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அது அவர்கள் செய்த புண்ணியம்.

அடுத்த நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நான் விடியவே எழும்பி நிலத்தைக் கழுவி, சட்டிகளை மினுக்கி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சோறு எத்தனை மணிக்கு ஆக்கினனீங்கள் அண்ணை? பிள்ளையள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டவை?"

விரலை மடித்து எண்ணினேன். 9 மணித்தியாலம்.

அவர் சொல்லித்தான் தெரியும்: பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியிலேயே ஒட்டியிருக்குமாம். கொதித்தாலும் வித்துச் சாகாது. சோறு இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மணமும் பெரும்பாலும் மாறாது. நாங்களோ மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் பழுதா நல்லதா என்று சொல்லிப் பழகியவர்கள்.

ஆக்கிய சாப்பாட்டை 2 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியஸுக்கு மேல், குளிராக என்றால் 5 பாகைக்குக் கீழ். தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற எங்கள் கடைகளில் இரண்டும் தானாக நடக்காது. அதிலும் பெட்டியின் நடுவில் இருக்கிற பார்சல் ஆறவும் ஆறாது, சூடாகவும் இராது. 2017 செப்டெம்பரில் லஞ்சீற்றைத் தடைசெய்தார்கள், நல்லது. ஆனால் எதில் கட்டினாலும் சுடச்சுடக் கட்டி அடுக்குகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"பழஞ்சோறு தின்று வளர்ந்த எங்களுக்கா?" என்று கேட்பீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் கேட்டேன். பழஞ்சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கிறது, அந்தப் புளிப்பே பல கிருமியை அடக்கும். தேங்காய்ப்பால் சோறு மூடிய பெட்டிக்குள் புழுங்குவது வேறு கதை.

அதற்குப் பிறகு ஒரு கிடாரத்தில் வடித்ததை இரண்டு சின்னப் பானையாக்கினேன், காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. விறகு கூடச் செலவாகிறது என்று மனைவி ஒரு மாதம் முணுமுணுத்தார். வடித்த நேரத்தைச் சோக்கட்டியால் மூடியில் எழுதுவோம். பார்சல் ஓடர் என்றால் பந்திக்கு முதல் 2 மணித்தியாலத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஓடரே வேண்டாம். சில ஓடர் போனது உண்மை.

கடினமானது கொத்துரொட்டிதான். மத்தியானக் கறியில் மிஞ்சியதை இரவு கொத்தில் போடுவது எங்கள் தொழிலில் ஊரறிந்த இரகசியம். தகட்டுச் சத்தமும் மிளகாய்த்தூளும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். உடனே ஆறவைத்துக் குளிரூட்டியில் வைத்த கறி என்றால் பரவாயில்லை. அடுப்படியில் மூடிக் கிடந்தது என்றால் நாய்க்குக்கூட வைக்காதீர்கள். வடை எண்ணெயும் அப்படித்தான். கறுத்து நுரை தள்ளுகிற பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் புதியதும் சேர்ந்து கெடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. குளிரூட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது, காஸும் இல்லை. மிஞ்சியதை வெளியே வைத்து விற்க மனம் வரவில்லை. கடையைப் பூட்டினேன்.

இப்போது வழியில் எங்காவது சாப்பிட இறங்கினால், சோறு எப்ப இறக்கியது என்று கேட்பேன். "இப்பத்தான் ஐயா" என்பார் பொடியன். நானும் அந்த வயதில் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூடியைத் திறக்கச் சொல்வேன். ஆவி வந்தால் சோறு. வராவிட்டால், "ரெண்டு ரொட்டி போடு தம்பி."