புற்றுநோய்ச் செல் எப்படி நகர்கிறது?

பயாப்சி (சோதனைக்காகத் திசுவைச் சிறிது எடுப்பது) என்றதுமே பலருக்கு வரும் பயம், "ஊசி குத்தினால் நோய் பரவிவிடுமா?" என்பது. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயை உறுதி செய்வது என் வேலை. ஊசியால் பரவுவது மிக அரிது. புற்றுநோய் இடம் மாறுவதற்கான கருவி செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

எல்லாச் செல்லுக்குள்ளும் புரத இழைகளாலான சட்டகம் உண்டு. அந்த இழைகளில் மூன்று வகை: ஆக்டின் இழை சுமார் 7 நானோமீட்டர் தடிமன், இடைநிலை இழைகள் 10, நுண்குழல்கள் 25. எலும்பைப் போல நிலையானவை என்று எண்ணிவிட வேண்டாம். ஆக்டினும் நுண்குழல்களும் ஓயாமல் கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருகின்றன.

மார்பகக் குழாய், குடல் இவற்றின் உட்பரப்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கெரட்டின் என்ற இடைநிலை இழைகளோடு இருப்பவை. புற்றுநோயாக மாறியபின் அவற்றில் சில அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. கெரட்டின் குறைந்து விமென்டின் என்ற இழை கூடுவதும் உண்டு. அப்புறம் ஆக்டின் முன்விளிம்பைத் தள்ள, மயோசின் என்ற இன்னொரு புரதம் பின்பகுதியை இழுக்க, செல் ஊர ஆரம்பிக்கிறது. வழியில் அடித்தளச் சவ்வு, அதாவது இந்தச் செல்களுக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய புரதப் படலம், குறுக்கே நிற்கும். ஆக்டினாலான சிறு நீட்சிகளை அதில் ஊன்றி, புரதத்தைக் கரைக்கும் நொதிகளை விட்டுத் துளை போடும். இடுக்கில் நுழையும்போது உட்கருதான் மாட்டிக்கொள்ளும். செல்லிலேயே பெரிய, விறைப்பான பகுதி அது. சில சமயம் அதன் உறை கிழிந்து டிஎன்ஏ சேதமடையும். அப்படியும் உறையைச் சரிசெய்துகொண்டு தப்பிக்கும் செல்கள் இருக்கின்றன.

பெரும்பாலும் கெரட்டின் முழுதாக மறைவதில்லை. அதுதான் எங்களுக்கு உதவி. நெறிக்கட்டியில் பதுங்கியிருக்கும் சில செல்களைக்கூடக் கெரட்டினை மட்டும் நிறமேற்றிக் காட்டும் சாயம் காட்டிக்கொடுக்கும். கெரட்டின் வகைகளில் 7, 20 ஆகிய எண்ணுள்ளவை இருக்கின்றனவா என்று பார்த்து, நோய் எந்த உறுப்பில் தொடங்கியது என்றும் ஓரளவு ஊகிக்கிறோம்.

சிகிச்சையும் இந்தச் சட்டகத்தைக் குறிவைக்கிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்டு, 1992-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாக்லிடாக்ஸல் என்ற மருந்து, நுண்குழல்களைக் கலையவிடாது. நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், அவற்றைக் கட்டவே விடாது. இரண்டிலும் செல் சரியாகப் பிரிய முடியாமல் சாகிறது. ஆக்டினை இப்படி நேரடியாகத் தாக்குவது சிரமம், ஏனென்றால் இதயம் சுருங்குவதற்கும் அதுதான் வேண்டும்.

நரம்புகளும் நுண்குழல்களை நம்பித்தான் வேலை செய்கின்றன. அதனால் இந்த மருந்துகள் ஏறும்போது விரல் நுனியில் மதமதப்பு, பாதத்தில் எரிச்சல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம் வரலாம். கீமோ என்றால் அப்படித்தான் என்று சகித்துக்கொண்டு இருக்காதீர்கள். அடுத்த டோஸுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ இடைவெளியை மாற்றவோ அவரால் முடியும்.