ஆஸ்பெக்ட் ரேஷியோ: அகல உயர விகிதம்

பெட்டிக்குள்ளிருந்து திரையின் பின்பக்கம் படத்தை வீசும் பழைய ரியர் புரொஜெக்‌ஷன் டிவியின் ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. பெயர்தான் சைஸ். எத்தனை முறை அழுத்தினாலும் 50 அங்குலத் திரை 50 அங்குலமாகத்தான் இருக்கும். மாறுவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள கணக்கு. அந்தக் கணக்குக்குத்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பெயர்.

‘ஆஸ்பெக்ட்’ லத்தீன் வழி வந்த சொல். பார்த்தல், தோற்றம் என்பது மூலப்பொருள். ஆங்கிலத்தில் முதலில் சோதிடத்தில்தான் புழங்கியது. குரு பார்வை, சனி பார்வை என்கிறோமே, அந்தப் பார்வைக்கு ஆங்கிலச் சோதிட நூல்களில் இன்றும் இதே சொல்தான். ‘ரேஷியோ’ என்றால் லத்தீனில் கணக்கு. இரண்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தோற்ற விகிதம்’ என்று எழுதுவோர் உண்டு. எதற்கும் எதற்கும் விகிதம் என்பதையே சொல்லாத பெயர் அது. ‘அகல உயர விகிதம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. எந்த எண் முன்னால் வரும் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. 16:9 என்றால் அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு. சுருக்கம் வேண்டுமானால் ‘பட விகிதம்’. விகிதம் வடமொழி ‘விஹித’த்திலிருந்து வந்தது என்று அதையும் விலக்குவோர் ‘தகவு’ என்பார்கள். தகுதி, நடுநிலை என்று வேறு பொருளில் பழகிய சொல்லை இங்கே இழுத்து வருவானேன்? பள்ளிக்கூடத்துக் கணக்கில் ஊறிய விகிதமே போதும்.

எல்லையோரத்தில் இன்னொரு குழப்பம் சேரும். சித்தூர் இரண்டு இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூரில் டிவி பழுது பார்க்க வந்த மெக்கானிக் ‘வீதி கூடுதல்’ என்றால் தெருவைச் சொல்லவில்லை. மலையாளத்தில் வீதி என்பது அகலம். ஆந்திரச் சித்தூரில் அகலம் ‘வெடல்பு’, உயரம் ‘எத்து’. தமிழ்க் காதுக்கு எத்து என்றால் உதை. ஆகவே அங்கெல்லாம் வார்த்தையை விட்டுவிட்டு ‘நாலுக்கு மூணு’, ‘பதினாறுக்கு ஒன்பது’ என்று எண்ணில் பேசுவதே பிழைக்கும் வழி.

பழைய டிவி 4:3. அகலம் 4, உயரம் 3 என்றால் மூலைக்கு மூலை 5. 20 அங்குலப் படம் 16க்கு 12. அகலத்திரை 16:9, அதாவது அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.78. இந்த எண்ணை 1980களில் முன்வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ். 4:3க்கும் சினிமாஸ்கோப்பின் 2.35க்கும் நடுவில் அது நிற்கிறது: 1.33ஐ 2.35ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வரும். இரு வகைப் படத்துக்கும் திரையில் வீணாகும் இடம் ஏறக்குறையச் சமம்.

50 அங்குல அகலத்திரை 43.6 அங்குல அகலமும் 24.5 அங்குல உயரமும் கொண்டது. அதில் 4:3 படத்தை ‘நார்மல்’ முறையில் வைத்தால் படம் 32.7 அங்குல அகலத்தோடு நின்றுவிடும். இரு பக்கமும் ஐந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டை. உண்மையில் பார்ப்பது 41 அங்குல டிவி. ‘காசு கொடுத்தது 50க்கு’ என்று எல்லோரும் திரையை நிரப்பும் ‘ஃபுல்’லுக்குப் போவது இதனால்தான். ஃபுல்லில் 4:3 படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலும். ஒல்லியானவரும் தொந்தி போட்டுவிடுவார். ‘ஜூம்’ முகத்தைக் கெடுக்காது. ஆனால் மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு போய்விடும். கீழே ஓடும் செய்தி வரியும், மலையாளப் படத்தின் கறுப்புப் பட்டைக்குள் வரும் தமிழ் வசன வரியும் அதோடு போகும். டோஷிபா டிவியின் ‘தியேட்டர்வைடு 3’ முறை அந்த வசன வரியைக் காப்பாற்றவென்றே வைத்தது.

மிச்சமிருப்பது நடுவை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் இழுக்கும் முறை. செய்தி வரியைக் கவனித்தால் பிடிபடும்: வலது ஓரத்தில் எழுத்து உப்பலாக, வேகமாக நுழையும், நடுவில் மெலிந்து நிதானமாக நகரும், இடது ஓரத்தில் மறுபடி உப்பி ஓடும்.

எந்த முறையில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் தையல் டேப் போதும். திரை நடுவில் கடிகார முகப்பு போல வட்டமான ஏதாவது வரும்போது படத்தை நிறுத்தி அளக்கவும். அகலம் 12 செ.மீ., உயரம் 9 செ.மீ. என்றால் 4:3 படம் ஃபுல்லில் இழுபடுகிறது. அகலம் 9, உயரம் 12 என்றால் அகலப்படத்தை 4:3க்குள் நெருக்கியிருக்கிறது.

மூன்று குழாய் வைத்த பழைய வகையில் நார்மலையே நாள் முழுக்க ஓட்டக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படக்குழாய். அவற்றின் ஒளியைக் கண்ணாடி திருப்பித் திரையின் பின்பக்கம் வீசுகிறது. படம் விழும் நடுப்பகுதியில் குழாயின் ஒளிரும் பூச்சான பாஸ்பர் தேயும், பட்டைக்கு அடியில் தேயாது. பிறகு ஃபுல்லில் போட்டால் இரு ஓரமும் வெளிச்சப் பட்டையாகத் தெரியும். அதற்குச் சிகிச்சை கிடையாது. பட்டையைக் கறுப்பாக விடாமல் சாம்பல் நிறத்தில் தருவது இந்தத் தேய்மானத்தைச் சமன் செய்யத்தான். கான்ட்ராஸ்ட்டைப் பாதிக்குக் குறைத்து வைப்பதும் உதவும். குழாய்க்குப் பதில் நுண்கண்ணாடிச் சில்லால் படம் காட்டும் டிஎல்பி வகையில் இந்தப் பயம் இல்லை.

நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் தபால்தலை மாதிரி நடுவில் நின்றால் டிவியைக் குறை சொல்ல வேண்டாம். செட் டாப் பாக்ஸ் 4:3 என்று நினைத்து மேலும் கீழும் பட்டை சேர்த்திருக்கும். டிவி தன் பங்குக்குப் பக்கவாட்டில் சேர்த்திருக்கும். பாக்ஸின் மெனுவில் டிவி வகையை 16:9 ஆக்கி, பிறகு டிவியை ஃபுல்லில் வைத்தால் சரியாகும். 1080i என்ற ஹெச்டி சிக்னலில் சைஸ் பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் பழுது அல்ல. அந்தக் காலத்துப் பல டிவிகள் அந்த சிக்னலுக்கு ஃபுல்லை மட்டுமே அனுமதித்தன. அப்போது விகிதத்தை மாற்றும் இடம் பாக்ஸ் ஒன்றுதான்.