தலையைக் குனிந்தால் 15 யார்டு

ஓஹையோவில் இருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடும் அவருடைய மகன், பந்தோடு ஓடிவந்த எதிரணிப் பையனை இடித்து வீழ்த்தியிருக்கிறான். ஆனால் ஹெல்மெட்டின் உச்சியால் இடித்தான் என்று நடுவர் மஞ்சள் கொடியை வீசி 15 யார்டு தண்டனை கொடுத்துவிட்டார், அதாவது எதிரணிக்கு அவ்வளவு தூரம் சும்மா கிடைத்துவிட்டது. "அவ்வளவு பெரிய கவசத்தை மாட்டிவிட்டு, அதனால் இடிக்கக் கூடாது என்றால் எப்படி?" என்கிறார்.

நான்கு முயற்சிகளில் 10 யார்டு முன்னேறவே திணறும் ஆட்டத்தில் 15 யார்டு என்பது பெரிய அபராதம். ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்துத் திருகினாலும், சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து பற்றி இழுத்துச் சாய்த்தாலும் அதே 15 யார்டுதான். அவை ஏன் ஆபத்து என்பது பார்த்தாலே புரியும். ஹெல்மெட் விதி மட்டும் அப்படிப் புரியாது. அதற்குக் கழுத்துக்குள் போக வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தின் ஏழு எலும்புகளும் லேசாக முன்பக்கம் வளைந்திருக்கும். தலையில் அடி விழுந்தால் அந்த வளைவு இன்னும் கொஞ்சம் வளையும். தசைகளும் எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளும் விசையைப் பங்கிட்டுக்கொள்ளும். இப்போது தலையைச் சுமார் 30 பாகை குனியுங்கள். வளைவு போய், ஏழு எலும்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். இந்த நிலையில் உச்சந்தலை எதிலாவது மோதினால் தலை சட்டென்று நின்றுவிடும், உடம்பு நிற்காது. ரயில் எஞ்சின் சுவரில் முட்டி நின்றபிறகும் பின்பெட்டிகள் தள்ளிக்கொண்டே வருவதுபோல, உடம்பின் எடை முழுக்க வந்து கழுத்தை நசுக்கும்.

கணக்கும் போட்டுவிடலாம். கழுத்துக்குக் கீழே 60 கிலோ, வேகம் நொடிக்கு 4 மீட்டர், நிற்க எடுக்கும் நேரம் 0.05 நொடி என்று வையுங்கள். சராசரி விசை 4,800 நியூட்டன். கிட்டத்தட்ட அரை டன் எடையைத் தலைமேல் வைத்த மாதிரி. நேர்கோட்டில் நிற்கும் எலும்புகள் அதைத் தாங்க முடியாமல் நொடிந்து பக்கவாட்டில் விலகும், அல்லது ஓர் எலும்பு வெடித்துச் சிதறும். சில்லுகள் தண்டுவடத்தில் பாய்ந்தால் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழக்கும். கழுத்துக்கு நன்றாக உடற்பயிற்சி செய்தால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. பயிற்சி நல்லதுதான். ஆனால் அனிச்சையாகத் தசை இறுகுவதற்குள் எலும்பு முறிந்து முடிந்திருக்கும்.

ஹெல்மெட் இதைத் தடுக்காது. அதன் வேலை மண்டை ஓட்டைக் காப்பது, அதை ஒழுங்காகச் செய்கிறது. வம்பே அங்கேதான் தொடங்கியது. கடினமான பிளாஸ்டிக் ஹெல்மெட்டும் முகக்கம்பியும் வந்தபிறகு முட்டினால் வலிக்காது என்று ஆகிவிட்டது. தலையையே ஆயுதமாக்கி இடிக்கப் பயிற்சியாளர்களே கற்றுக்கொடுத்தார்கள்.

கழுத்து முறிவுகள் கூடியபோது பலரும் முதலில் சந்தேகப்பட்டது ஹெல்மெட்டின் பின்விளிம்பை. தலை பின்னால் சாயும்போது அந்த விளிம்பு பிடரியை வெட்டுகிறது என்றார்கள். பிலடெல்ஃபியாவின் எலும்பு மருத்துவர் ஜோசப் டார்க் 1975இல் கழுத்துக் காயங்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார். விபத்து நடந்த ஆட்டங்களின் படச்சுருளை ஓட்டிப் பார்த்தால், தலைகள் பின்னால் சாயவே இல்லை. குனிந்திருந்தன, உச்சியில்தான் அடி. 1976இல் பள்ளியிலும் கல்லூரியிலும் உச்சியால் இடிப்பதைத் தடைசெய்தார்கள். அந்த ஆண்டு கழுத்து முறிந்து கைகால் செயலிழந்தவர்கள் 34 பேர். அடுத்த ஆண்டு 18. 1984இல் 5. ஹெல்மெட் மாறவில்லை, விதியும் பயிற்சியும் மாறின.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. விபத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது யாருக்கும் பெருமை தராத ஆராய்ச்சி. பளபளப்பான கருவி எதுவும் அதில் கிடையாது, அதனால் பணம் கொடுக்க ஆள் தேடியாக வேண்டும். ஆனால் அமெரிக்க ஃபுட்பால் மரணங்களை 1931லிருந்து ஆண்டுதோறும் எண்ணி வைத்தவர்கள் இல்லையென்றால் எதைத் திருத்துவது என்றே தெரிந்திருக்காது.

சரி, வாசகரின் மகனுக்கு வருவோம். மோதப்போகும் நொடியில் கண்ணை மூடித் தலையைக் குனிவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. அதனால்தான் நல்ல பயிற்சியாளர் நிமிர்ந்து, பார்த்து, தோளால் இடிக்கத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார். எதிராளியின் மார்பு கண்ணில் தெரிந்தால் கழுத்தின் வளைவு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். இந்த விதி தடுப்பவனுக்கு மட்டுமல்ல, பந்தோடு ஓடுகிறவன் தலையைக் குனிந்து முட்டினாலும் கொடி விழும். அதை வீசத்தான் நடுவர்கள் பலர் தயங்குகிறார்கள்.